அழுத்தக் கூடாத சீட்டு

நான் இருந்த அச்சகத்தின் பைண்டிங்கில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே புது மிஷின் இறக்கியிருக்கிறார்களாம். ஒரு பக்கம் அட்டையைக் கொடுத்தால் மறுபக்கம் சீட்டாக வெட்டி, மூலை உருட்டி, கட்டாக வந்து விழுகிறதாம். "அக்கா, நீங்க கையில செஞ்சதையெல்லாம் தொழிற்சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். "நான் மூணாங்கிளாஸ்" என்றேன். "நாங்க திருத்திக்கிறோம்" என்றார்கள். திருத்தட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் செல்லம். ஊர் உறையூர். புகுந்த வீட்டில் தறி. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். மாமனாருக்கும் கொழுந்தனுக்குமே தறியில் வேலை போதவில்லை. பாலக்கரைப் பக்கம் ஒரு அச்சகத்தில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மடிப்பு ஆறு மாதம். பசை ஆறு மாதம். தையல் ஒரு வருஷம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கை பழகியது. பிறகு சீட்டுப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேதான் கடைசி வரை இருந்தேன்.

அப்போது நாங்கள் போட்டது சாதாரண விளையாட்டுச் சீட்டு. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். பார்க்க லேசு. செய்வது லேசில்லை. இரண்டு தாளை ஒட்டித்தான் சீட்டு அட்டை. நடுவில் போடும் பசையில் கரியைக் கலப்போம். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்துவிடும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம். ஒட்டியதைக் கொடியில் காயப் போடுவோம். காய்ந்தால் அப்பளம் மாதிரி வளையும். அதைத் திருகு பிரஸ்ஸில் வைக்க வேண்டும். மேலே ஒரு சக்கரம். அதைத் திருகினால் இரும்புப் பலகை இறங்கும். சாயங்காலம் இறுக்கிவிட்டுப் போனால் காலையில் தகடு மாதிரி இருக்கும். பிறகுதான் அச்சு, மெழுகு, வெட்டு, மூலை. வெட்டி முடித்துக் கட்டாக்கியதும் மறுபடி ஒரு தரம் பிரஸ். வளைந்த சீட்டு எங்கள் பகுதியை விட்டு வெளியே போனது கிடையாது.

போர்மேன் ஹமீது பாய். ஒல்லி. வெள்ளைத் தொப்பி. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கட்டு தயாரானதும் அவரிடம் கொண்டு போவோம். இடது கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஓரத்தை விர்ரென்று விடுவார். காது பக்கத்தில் வைத்துக் கேட்பார். எங்காவது ஒரு சீட்டு தடித்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறுமாம். எனக்கு அது கேட்க ஒரு வருஷம் ஆனது. அடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பார். கடைசியாக எல்லாவற்றையும் கவிழ்த்து முதுகைப் பார்ப்பார். ஒரு சீட்டின் முதுகில் ஊசி முனை அளவு கறை இருந்தாலும் கட்டைத் திருப்பித் தந்துவிடுவார். "முதுகைப் பார்த்து மூஞ்சி தெரியக் கூடாது, செல்லம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. வேலையில் தப்பு செய்தால் திட்ட மாட்டார். அந்தச் சீட்டை நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாமே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு தலைமை ஆசிரியர் வந்தார். "இதே கட்டுல ராஜா ராணிக்குப் பதிலா அ, ஆ போட்டுத் தர முடியுமா? பசங்க சிலேட்டைக் கண்டா ஓடுறாங்க. சீட்டைக் கண்டா ஓடி வர்றாங்க" என்றார். முதலாளி யோசித்தார். பாய், "இது புதுசு இல்லீங்க" என்றார். அவருடைய பாட்டனார் காலத்தில் வட்டச் சீட்டு ஆடுவார்களாம். கையால் வரைந்தது. சிலர் வீட்டில் அதில் தசாவதாரம் இருக்குமாம். ஆடி ஆடியே குழந்தைகள் பத்துப் பேரையும் வரிசையாகச் சொல்லுமாம். தலைமை ஆசிரியர் தொப்பியைப் பார்த்தார். "பாய்க்கு அவதாரக் கதையெல்லாம் தெரியுதே" என்றார். "ஆடினா தெரியாமலா இருக்கும்" என்றார் பாய்.

அப்படித்தான் எழுத்துச் சீட்டு வந்தது. அப்புறம் வாய்ப்பாட்டுச் சீட்டு. கிலோ, கிராம் வந்தபோது ஒரு சர்க்கார் ஆபீசில் எடைச் சீட்டு கேட்டார்கள். ஒரு சீட்டில் பழைய சேர், பலம் கணக்கு, அதற்குச் சரியான கிராம் இன்னொரு சீட்டில். ஜோடி சேர்க்க வேண்டும். சனங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி என்னைக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் வெங்காய மண்டி ஓரம் உட்கார்ந்து ஆடினார்கள்.

"இதுல ராஜா யாரு?"

"கிலோதான்டா ராஜா. சேரு செத்துப் போச்சு."

ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். "என்னய்யா, நட்ட நடு மார்க்கெட்டுல சூதாட்டம்?"

"சூது இல்லீங்க ஐயா. சர்க்கார் பாடம். உக்காருங்க, உங்களுக்கும் ஒரு கை போடுறோம். ஒரு பலம் எத்தனை கிராம்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நல்லபடி நடந்தவை. நல்லபடி நடக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். எடைச் சீட்டுக்கு அடுத்த வருஷம் அது.

ஸ்ரீரங்கத்தில் கண் தெரியாத பெண் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. தங்கிப் படிக்கிற இடம். அங்கிருந்து வேதவல்லி டீச்சர் என்று ஒருவர் வந்தார். ஐயங்கார் வீட்டம்மா. நாற்பது வயதிருக்கும். பாய் எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"அஞ்சலைன்னு ஒரு குழந்தை. பதினோரு வயசு. மண்ணச்சநல்லூர். ஏழு வயசு வரைக்கும் நன்னாப் பார்த்துண்டிருந்தவ. அம்மை வந்து கண் போயிடுத்து. நாலு மாசமா என்கிட்ட இருக்கா. தடவிப் படிக்கற புள்ளி எழுத்தைத் தொடவே மாட்டேங்கறா. கையைப் பிடிச்சு வெச்சா இழுத்துக்கறா. அவ அப்பா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரார். ஆத்துக்குக் கூட்டிண்டு போறேன்னு சொல்லியனுப்பிட்டார். போனா திரும்ப அனுப்ப மாட்டார்."

"நாங்க என்ன செய்யணும்மா?" என்றார் பாய்.

"அந்த அப்பா சீட்டாடுவாராம். மில்லுல வேலை இல்லாதப்போ ஆடுவாராம். இவ கண் இருந்தப்போ அவர் தோள் மேல சாஞ்சுண்டு பார்ப்பாளாம். நேத்து ஒரு சாதாரணக் கட்டைக் கையில கொடுத்தேன். விசிறி மாதிரி விரிச்சுப் பிடிச்சுண்டா, பாருங்கோ! நாலு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சா. அதான். புள்ளி வெச்ச சீட்டு வேணும். முப்பது எழுத்து, ஒவ்வொண்ணும் ரெண்டு. அறுபது சீட்டு. எழுத்தை நீங்க மூலையில அச்சடிச்சுக் கொடுத்துடுங்கோ. புள்ளியை நான் குத்திக்கறேன். பெருமாள் புண்ணியத்துல அவ ஒரு ஆட்டம் ஆடிட்டா போதும்."

அச்சடித்துக் கொடுத்தோம். டீச்சர் நாலு நாள் உட்கார்ந்து குத்தினார். எங்கள் அட்டை கெட்டி. ஈரத் துணியில் வைத்து வைத்துக் குத்தியிருக்கிறார். திங்கள்கிழமை சாயங்காலம் கொண்டு வந்தபோது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "ஓரத்தைச் சமமா வெட்டி, மூலையை உருட்டி, ஒரு பெட்டி போட்டுத் தாங்கோ. கை வெச்சா குத்தக் கூடாது" என்று என்னிடம் கொடுத்தார்.

ஓரம் வெட்டினேன். மூலை உருட்டினேன். ஈரம் பட்ட அட்டை எல்லாம் வளைந்து கிடந்தது. கட்டாக அடுக்கினால் நிற்கவில்லை. சாயங்கால மணி அடித்தது. நான் யோசிக்கவில்லை. பத்து வருஷமாகச் செய்வதைச் செய்தேன். திருகு பிரஸ்ஸில் வைத்து இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் எடுத்தேன். தகடு மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் பாயிடம் கொண்டு போனேன். அவர் கண்ணை மூடி விர்ரென்று விட்டார். நின்றார். ஒரு சீட்டை உருவி நடுவில் விரலை வைத்துத் தடவினார். அதை என் முன்னால் வைத்தார். மற்ற நாள் மாதிரி போய்விடவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

நானும் தடவினேன். ஒன்றுமில்லை. வழவழப்பு.

"செல்லம், நாலு நாள் வேலை" என்றார்.

"தெரியுது பாய்."

"டீச்சரம்மாகிட்ட நான் சொல்லவா?"

"நானே போறேன்."

டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றேன். டீச்சர் வந்தார். சீட்டை நீட்டினேன். "இறுக்கிட்டேங்க" என்றேன். அவர் தடவிப் பார்த்தார். அந்தத் துணி சுற்றிய விரலாலேயே தடவினார். "இன்னொரு தரம் குத்த நேக்கு விரல் இல்லைம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். முதுகில் பள்ளத்தின் தடம் மட்டும் இருந்தது. "தடம் இருக்குங்க. எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளின்னு எழுதிக் குடுங்க" என்றேன். ஒரு தாளில் முப்பது எழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். ல என்றால் இடது பக்கம் மேலிருந்து கீழே மூன்று புள்ளி. அதே மூன்றோடு வலது பக்கம் மேலே ஒன்று சேர்ந்தால் ப. இப்படி.

பாய் அன்றைய நோட்டுப் புத்தக வேலையை நிறுத்தினார். நாங்கள் பெண்கள் மூன்று பேர், அவர் ஒருவர். தையலுக்கு ஓட்டை போடுகிற குத்தூசியைக் கல்லில் தேய்த்து முனையை மழுக்கினோம். கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, சீட்டைக் கவிழ்த்து, தடத்தில் ஊசியை வைத்து மெல்ல அழுத்தினோம். வேகமாக அழுத்தினால் கிழியும். லேசாக விட்டால் எழும்பாது. ஒரு தரம் நசுங்கிய அட்டையில் புள்ளி நிற்கவில்லை. எழும்பிய புள்ளி விரல் பட்டதும் உட்கார்ந்தது. பாய்தான் வேலம்பிசினைக் கரைத்துக் கொண்டு வந்தார். முதுகுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தோம். காய்ந்ததும் கல் மாதிரி நின்றது. செவ்வாயும் புதனும் வியாழனும் அதுதான் வேலை. பின்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பல வருஷம் சீட்டு போட்டோம். எப்போதும் பிசின் வைத்துத்தான் போட்டோம்.

வெள்ளிக்கிழமை கடைசி இருபது சீட்டு மீதி இருந்தது. முடிப்பதற்குள் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். அந்த இருபதை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பசையிலும் நூலிலும் காய்ந்த விரல். சரியாக இருப்பதாகத்தான் பட்டது. பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது அந்த அப்பா வந்திருந்தார். மாரிமுத்து என்று பெயர். ரைஸ் மில்லில் நெல் அவித்துக் களத்தில் காயப் போடுகிற வேலை. காலில் தவிடு போகவில்லை. முரட்டு ஆள் இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு மாசம் ஆச்சு டீச்சரம்மா. ஒரு எழுத்து ஏறலைன்னு நீங்கதான் லெட்டர் போட்டீங்க. கணக்கப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு. இங்க உக்காந்து அழுவுறத எங்க வீட்டுல உக்காந்து அழுவட்டும். நான் பக்கத்துல இருப்பேன்ல. அவ அம்மாவுக்குக் கைக்குழந்தை. தொட்டிலாவது ஆட்டும்."

"ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்கோ" என்றார் டீச்சர்.

பெட்டியைக் கொடுத்தேன். அஞ்சலை திறந்து மேல் சீட்டைத் தொட்டாள். விரலை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதைத் தொட்டாள். "யாரு கலைக்கிறது?" என்றாள்.

"குடு" என்று அப்பா வாங்கினார். கலைக்கும்போதே அவர் முகம் மாறியது. "நல்ல கட்டா இருக்கே" என்றார்.

ஜோடி சேர்க்கிற ஆட்டம். கையில் ஐந்து. நடுவில் மீதி. ஒன்று எடுத்து, ஜோடி சேர்ந்தால் கீழே போட வேண்டும். அவருக்கு எழுத்து தெரியாது. உருவத்தைப் பார்த்துச் சேர்த்தார். அவள் தடவிப் பார்த்துச் சேர்த்தாள். அவள் போடும்போது பெயர் சொன்னாள். "க ரெண்டு." "ல ரெண்டு." அவர் போட்டதையும் கை நீட்டி வாங்கித் தடவி, "நீ போட்டது ம" என்றாள். முதலில் மெதுவாகத்தான். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். போகப் போகத் திருப்பவில்லை. நாலு மாதம் டீச்சர் சொன்னதெல்லாம் எங்கோ ஏறித்தான் இருந்திருக்கிறது.

"ஏமாத்தாதப்பா. ரெண்டு சீட்டு எடுத்தே."

"ஒட்டிக்கிச்சு புள்ள."

"மில்லுலயும் இப்படித்தான் உனக்கு ஒட்டிக்கும்."

நடுவில் இருந்தது தீர்ந்ததும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் உருவிச் சேர்த்தார்கள். கடைசியில் அவள் கையில் ஒன்று, அவர் கையில் ஒன்று. எல்லாம் ஜோடி என்பதால் கடைசி இரண்டும் ஒரே எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். அவள் தன் சீட்டைத் தடவி, "ல" என்று கீழே போட்டாள்.

அவர் பார்த்தார். தன் கையில் இருந்ததைப் பார்த்தார். கீழே கிடந்த குவியலைக் கலைத்து இரண்டு சீட்டை எடுத்தார்.

"ல ரெண்டும் அப்பவே விழுந்துடுச்சு. இதோ கிடக்கு. ஒரு கட்டுல மூணாவது ல எங்கேருந்து வந்துச்சு? இது வேற உருவம்ல?"

அவள் கீழே போட்டது ப.

"டீச்சரம்மா, எனக்கு எழுத்து தெரியாது. இதுவரைக்கும் அது சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இது தப்பு. புள்ள உத்தேசமா அடிச்சு விடுது. நான் சந்தோஷப்படணும்னு சொல்லுது."

"இல்லை, அது வந்து..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"நீங்க பள்ளிக்கூடம். நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று எழுந்தார். அஞ்சலை கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்புதாங்க. அது மேல இல்ல. என் மேல" என்றேன்.

"நீ யாரு தாயி?"

"அச்சாபீஸ்ல வேலை. கட்டு நான் செஞ்சது. டீச்சர் நாலு நாளா குத்துன புள்ளியை எல்லாம் நான் பிரஸ்ஸுல வெச்சு நசுக்கிட்டேன். மறுபடி எழுப்பினோம். ஒண்ணு எழும்பாம விட்டிருக்கும். உங்க கையில இருக்கிற சீட்டையும் குடுத்துப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். அவள் கடைசியாகப் போட்டதையும் தன் கையில் இருந்ததையும் துண்டுக்குள் போட்டு மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இது?"

"ப."

"இது?"

"ல" என்றாள். பிறகு, "இரு" என்றாள். சீட்டைக் கன்னத்தருகே கொண்டு போய், நகத்தால் மெல்லத் தேய்த்தாள். வெகு நேரம் தேய்த்தாள். "இங்க மேல ஒண்ணு செத்துக் கிடக்குப்பா. இது ப."

அவர் சீட்டை வாங்கிக் கண்ணை மூடித் தன் கட்டைவிரலால் தடவினார். களத்தில் நெல் தள்ளித் தள்ளிக் காய்த்த விரல். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். என்னிடம் நீட்டினார். நானும் தடவினேன். எனக்கும் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தே இருந்தார்.

"இன்னொரு ஆட்டம்ப்பா" என்றாள் அஞ்சலை.

"தோத்தவன்தான் இன்னொரு ஆட்டம் கேப்பான். ஜெயிச்ச நீ ஏன் கேக்குறே? பஸ் போயிடும்."

"அடுத்த பஸ்ஸுல போ."

இன்னொன்று ஆடினார்கள். அதற்கு அப்புறமும் ஒன்று. வெயில் தாழ்ந்துவிட்டது. எழுந்தபோது, "பொங்கல் கழிச்சு வந்து பாக்குறேன்" என்றார். கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நானும் அவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். மண்ணச்சநல்லூர் பஸ் வந்து, படியில் கால் வைத்த பிறகு திரும்பினார்.

"அந்தச் செத்த புள்ளியை மட்டும் எழுப்பிக் குடுத்துடு தாயி."

சனிக்கிழமை காலையில் குத்தூசியும் பிசினும் எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சலை தூணோரம் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். வந்திருப்பது நான் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்று சொல்வதற்குள், அறுபதிலிருந்து அந்த ஒரு சீட்டை உருவி என் பக்கம் நீட்டினாள்.